தொட்டிப் பாசியின் அனுபவ பாத்தியம்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் வெட்டி, அது பச்சையாகிப் போனதும் தலையில் கைவைத்து உட்காரும் வழக்கம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேரூன்றியிருக்கிறது. அப்படி உட்கார்ந்தவர்களுக்கென்று பொடிகளும் வடிகட்டிகளும் நீண்ட கைப்பிடித் துடைப்பங்களும் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்தில் அந்தத் தொல்லையே இல்லை என்று முடிவு கட்டுபவர், சித்திரை வெயிலில் பெரம்பலூர்க் கொல்லைகளுக்குள் நுழைந்து பார்க்காதவர். பம்புசெட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்குள் நான்கைந்து பையன்கள். தொட்டிச் சுவரில் பாசி. நீச்சல் குளத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இங்கே அமைந்திருக்கிறது. டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை என்பது ஒன்றே குறை.

இந்தப் பாசியை எப்படி நீக்குவது என்று கேட்டுக்கொண்டே பல தலைமுறைகள் வழுக்கி விழுந்திருக்கின்றன. கேள்வியே பிழை என்பது இக்கட்டுரையின் கோட்பாடு. ஒருவரை ஓரிடத்திலிருந்து காலி செய்யச் சொல்வதற்கு முன், இடம் யாருடையது என்று தெரிய வேண்டும். ஆகவே இவ்வாய்வு துடைப்பத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம் ஆகிய நான்கையும் கையில் எடுத்துக்கொள்கிறது.

2. களமும் எல்லையும்

பெரம்பலூர் மாவட்டம் 1995-ல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001 ஜனவரியில் பிரிந்தது. 2002-ல் மீண்டும் சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. இந்தப் போக்குவரத்து முழுவதிலும் பாசி எந்த ஆட்சியர் அலுவலகத்திலும் முகவரி மாற்றம் கோரி மனுக் கொடுக்கவில்லை. எனவே இரண்டு மாவட்டங்களும் ஒரே களமாகக் கொள்ளப்படுகின்றன.

ஆய்வுப் பொருள் பம்புசெட்டுத் தொட்டி. மும்முனை மின்சாரம் நாள் முழுதும் வராது. வரும்போது இறைத்துத் தேக்கினால்தான் வேண்டும்போது பாய்ச்ச முடியும். 1990-ல் உழவர் மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசமானது. கரண்டுக்குக் காசு இல்லையென்றாலும் கரண்டுக்கு நேரம் உண்டு என்ற நிலையில் தொட்டி கொல்லையின் வங்கிக் கணக்காக நிலைபெற்றது. பத்தடிக்குப் பத்தடி, நாலடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் பதினோராயிரம் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஒரு பக்கம் குழாய் கொட்டும். எதிர்ப்பக்கம் அடியில் ஓர் ஓட்டை இருக்கும். அதைத் துணி சுற்றிய கட்டை அடைத்திருக்கும். கட்டையைப் பிடுங்கினால் தண்ணீர் வாய்க்காலில் ஓடிச் சின்ன வெங்காயத்துக்கோ பருத்திக்கோ போய்ச் சேரும்.

ஏரிகளும் கோயில் குளங்களும் இவ்வாய்வில் சேரா. முதற்காரணம், அவை புறம்போக்கு, சட்டம் வேறு. இரண்டாவது காரணம், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வாழும் பாசி பன்னாட்டு உடன்படிக்கையின் காப்பில் இருக்கிறது; அதன்மேல் கைவைக்க இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீரால் ஆன வெற்றித் தூண் என்று போற்றுகிறது. தூணை நீரால் எழுப்பினால் அதில் முதலில் ஏறுவது யார் என்பதைச் செப்பேடு கவனிக்கவில்லை. அதுவும் நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

3. முன்னோர் ஆய்வுகள்

தமிழில் பாசி ஆய்வின் முன்னோடி பரணர். குறுந்தொகையின் 399-ஆம் பாடலில், காதலன் கைபட்டால் மறைந்து கை விலகினால் திரும்பும் தலைவியின் பசலை நோய்க்கு, ஊரார் தண்ணீர் எடுக்கும் துறையில் படர்ந்த பாசியை அவர் உவமை ஆக்குகிறார். இலக்கியவாதிகள் இதைக் காதல் பாட்டு என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிட்டனர். இது அடிப்படையில் ஒரு சோதனை அறிக்கை. தெரியாததை விளக்கத் தெரிந்ததைத்தான் உவமையாகச் சொல்வார்கள். ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, குடம் தொடும்போது பாசி விலகும், குடம் போனதும் கூடும் என்பது காதலைக் காட்டிலும் உறுதியாக நிறுவப்பட்ட உண்மையாக இருந்திருக்கிறது. அதற்குப் பின் துறையில் ஏற்பட்ட முன்னேற்றம் மிகக் குறைவு.

அந்தக் குறைவை நிரப்பியவர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். 1886-ல் பிறந்து 1963 வரை வாழ்ந்த இவர், சென்னையிலிருந்தபடி இந்தியப் பாசியியலுக்குத் தந்தை என்று பெயர் பெற்றார். 1932-ல் தாம் விவரித்த ஒரு பாசிக்குத் தம் ஆசிரியர் ஃப்ரிட்ஷின் பெயரைச் சூட்டி ஃப்ரிட்ஷியெல்லா என்றார். ஆசிரியருக்குச் சிலை வைக்காமல் பாசி வைத்த மாணவர் அவர். அந்தப் பாசி தண்ணீரை விட்டு இறங்கி ஈர மண்ணில் குடித்தனம் நடத்துவது. ஆக்கிரமிப்புச் சட்டத்தில் ஆர்வமுள்ளவர்கள் குறித்துக்கொள்ளத் தக்கது. அதே சென்னை மரபில் வந்த டி. வி. தேசிகாசாரி, நீலப்பச்சைப் பாசிகளைத் தொகுத்து 1959-ல் 'சயனோஃபைட்டா' என்ற தடித்த நூலைத் தந்தார். நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா வகை. பாசி வீட்டில் சம்பந்தம் செய்த உறவினர் போலப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. பெரம்பலூரிலிருந்து பேருந்தில் போய்விடும் தூரத்தில், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்று ஒரு தேசிய மையமே இருக்கிறது. அங்கே பாசியைத் தேய்ப்பதில்லை. பெயர் எழுதி ஒட்டிக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிறார்கள்.

4. மூலப் பத்திரம்

எந்த நிலத் தகராறிலும் முதலில் பார்க்கவேண்டியது மூலப் பத்திரம். பாசி தரப்பின் மூலப் பத்திரம் மண்ணுக்கடியில் இருக்கிறது.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தின் கிழக்குப் பகுதி கடல். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பதினெட்டு மீட்டர் மரத்தை 1940-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார்; ஆற்றோடு வந்து அந்தக் கடலில் படிந்த மரம் அது. அதற்கும் முன்னே, 1860-களில், பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்திருந்தார். அன்று முதல் வந்தவர்கள் எல்லாரும் அம்மோனைட் சுருளையும் சிப்பியையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

பாசிக்கு நீதி 1936-ல் கிடைத்தது. பெங்களூரின் எல். ராம ராவும் வியன்னாவின் ஜூலியஸ் பியாவும் இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் நின்னியூர்ப் பகுதிப் பாறைகளிலிருந்து புதைபடிவப் பாசிகளை விவரித்து வெளியிட்டார்கள். ஆறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட, சுண்ணாம்பை உடம்பில் பூசிக்கொண்ட பச்சைப் பாசிகள் அவை. பியா சூட்டிய பெயர்களைக் கேளுங்கள்: டிசோகிளாடெல்லா சாவித்திரியே, இண்டோபோலியா சத்தியவந்தி, அசிகுலேரியா த்யுமத்சேனே. மனைவி, கணவன், மாமனார் ஆகிய மூவரும் ஒரே பாறையில் குடும்பத்தோடு பதிவாகியிருக்கிறார்கள். எமனிடமே வாதாடிக் கணவனை மீட்டவளின் பெயரைத் தாங்கிய குலத்தை ஒரு தென்னந்துடைப்பத்தால் வெளியேற்ற நினைப்பது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர் முடிவுக்கு விடுகிறோம்.

வழக்கின் முக்கியக் கண்ணி இனிமேல்தான். டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய படிவுகள் உண்டு என்பது நிலவியல் மாணவர் அறிந்தது. அங்கே 1939-ல் சிமெண்ட் ஆலை வந்தது. ஊருக்குப் பெயர் டால்மியாபுரமா கல்லக்குடியா என்று 1953-ல் தண்டவாளத்தில் தலைவைத்துப் போராடினார்கள். கல்லுக்குள் இருந்தவர்களின் பெயரை எந்தத் தரப்பும் கேட்கவில்லை. பின்னர் அரியலூரைச் சுற்றிலும் ஆலைகள் எழுந்தன. சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி, மூட்டையாகி, கொத்தனார் கைக்கு வந்து, பம்புசெட்டுத் தொட்டியாக எழுந்து நிற்கிறது.

ஆகவே அந்தச் சிமெண்டில் கட்டிய தொட்டியில் இன்று படரும் பாசி வெளியாள் என்று வாதிட இடமில்லை. தொட்டியின் சுவரே பங்காளிகளின் எலும்பு. சுவரில் படிந்திருப்பது நேரடி வாரிசு இல்லை, வேறு கிளை என்று உயிரியலாளர் குறுக்கிடக்கூடும். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு அலைந்த யாரும் இந்தக் குறுக்கீட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பங்காளி என்று தெரிந்தாலே அங்கே வழக்கு இருபது வருடம் ஓடும்.

5. குடியேறும் முறை

புதிதாகப் பூசிய தொட்டியில் பாசி பிடிப்பதில்லை. கொத்தனார் இதைத் தன் கைத்திறன் என்பார். புதுச் சிமெண்டு கடுமையான காரத் தன்மை கொண்டது. கார அளவு (pH) 12-ஐத் தாண்டும். அதில் எந்தப் பாசியும் கால்வைக்காது. நாளாக ஆகக் காற்றிலிருக்கும் கரியமில வாயு சுவரின் காரத்தைத் தின்று தீர்க்கிறது. அளவு 9-க்குப் பக்கம் இறங்கியதும் பாசி வருகிறது. கிரகப்பிரவேசத்துக்கு முன் யாரும் குடியேறாத நம் வழக்கத்தைப் பாசி கண்டிப்பாகப் பின்பற்றுகிறது.

குடியேற்றத்துக்கு நான்கு சான்றுகள் வேண்டும்: வெயில், தேங்கிய தண்ணீர், நைட்ரஜன், பாஸ்பரஸ். முதலாவதைப் பெரம்பலூர் தாராளமாக வழங்குகிறது. பின்னிரண்டும் பல வழிகளில் வருகின்றன. யூரியாவும் டிஏபியும் வைத்த வயலிலிருந்து கிணற்றுக்கு இறங்கும் கசிவு, தொட்டியில் அலசிய உரச்சாக்கு, வேப்ப மரம் உதிர்க்கும் இலை, தொட்டியில் வாய்வைக்கும் மாட்டின் தாராளம், குளிக்கிற பையன்களின் ஒப்புக்கொள்ளப்படாத பங்களிப்பு ஆகியன அவற்றுள் சில.

இரண்டாவது சான்றான தேக்கம்தான் ஆய்வின் மையம். தினமும் இறைத்துத் தினமும் திறந்துவிடும் தொட்டியில் சுவர் மட்டும் வழுக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கும். மிதக்கும் பாசி பெருகி எண்ணிக்கை கூட்டுவதற்குள் வெங்காயப் பாத்திக்குப் போய்விடுகிறது. தண்ணீரே பச்சையாக நிற்கிறதென்றால் மோட்டார் ஓடவில்லை என்று பொருள். மோட்டார் ஓடாததற்குக் காரணம் காயில் எரிந்திருக்கலாம். போரில் தண்ணீர் கீழே போயிருக்கலாம். வெங்காயம் எடுத்து முடிந்திருக்கலாம். அண்ணன் தம்பிக்குள் முறைத் தண்ணீர்த் தகராறு வந்திருக்கலாம். கொல்லைக்காரர் மகன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போயிருக்கலாம். வரப்பில் நின்று ஒரு தொட்டியின் நிறத்தைப் பார்த்தே அந்த வீட்டுச் சேதி சொல்லும் முதியவர்கள் இப்பகுதியில் உண்டு. கல்வெட்டு ஆய்வுக்கு நிகரான இந்தத் திறமைக்கு இன்னும் துறை அமையவில்லை.

6. வெளியேற்றக் கொள்கைகள்

பாசியை வெளியேற்றுவதில் களத்தில் ஆறு கட்சிகள் இருக்கின்றன.

முதற்கட்சி சுரண்டல்வாதிகள். தென்னந்துடைப்பம், தேங்காய் நார், செங்கல் துண்டு, கம்பிப் பிரஷ் ஆகியவை இவர்களின் ஆயுதங்கள். இம்முறைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்: உள்ளே தேய்க்க ஒருவர், வெளியே நின்று குறை சொல்ல ஒருவர். இரண்டாம் பதவி பெரும்பாலும் அப்பாயிகளுக்கு உரியது. களத்தில் பதிவான உரையாடல்:

"ஏண்டா தம்பி, தண்ணிய வெங்காயத்துக்குத் தொறந்து உட்டுட்டுத்தான எறங்குன?"

"உட்டாச்சு அப்பாயி."

"அப்பறம் ஏன் முட்டிக்கால் வரைக்கும் நிக்கிது?"

"கட்டைய முழுசாப் புடுங்க முடியல அப்பாயி, ஊறிப்போயி கெடக்கு."

"ஒங்க தாத்தா ஒத்தக் கையால புடுங்குவாரு."

தாத்தாவின் கைவலிமை தனி ஆய்வுக்கு உரியது. பாசி வழுக்குவதற்குக் காரணம், உயிரணுக்கள் தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் கோந்துப் பொருள். சுவரோடு ஒட்டவும் காயாமல் இருக்கவும் அதுதான் உதவுகிறது. அந்தப் படலத்தைக் கிழிக்காமல் எந்த மருந்து ஊற்றினாலும் உள்ளே போகாது. ஆகவே எந்தக் கட்சிக்காரரும் முதலில் சுரண்டல்வாதியாக இருந்தே தீர வேண்டும். கம்பிப் பிரஷ் மட்டும் இரட்டை வேடம் போடுவது. பாசியோடு பூச்சையும் பெயர்த்துச் சுவரைச் சொரசொரப்பாக்கி, அடுத்து வருகிறவர்களுக்குக் கைப்பிடி அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது.

இரண்டாம் கட்சி சுண்ணாம்புவாதிகள். தேய்த்த சுவரில் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து அடிப்பார்கள். கொத்தனார் கொடுத்து, காற்று தின்றுவிட்ட அந்தக் காரத்தைச் சுவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் இது. அறிவியல்படி குறைசொல்ல ஒன்றுமில்லை. நான்காம் பகுதியை நினைவில் வைத்திருப்பவர் மட்டும் சங்கடப்படுவார். சுண்ணாம்பும் அதே கடலடிக் கல்லிலிருந்து வந்தது. சுவரும் பங்காளி, படிந்ததும் பங்காளி, விரட்ட வந்ததும் பங்காளி. பாரதம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை.

மூன்றாம் கட்சி பிளீச்சிங்வாதிகள். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியைக் கழுவும்போது பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். நம் தொட்டித் தண்ணீருக்கு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் என்ற கணக்கில் ஏறக்குறைய 350 கிராம் பிடிக்கும். இந்தக் கட்சியின் தவறு அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் காலையில் போட்டுவிட்டு வெங்காயம் அறுக்கப் போகிறார்கள். வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் சிதைத்துவிடும். பாசியும் சும்மா இருப்பதில்லை. பகலில் தண்ணீரிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக் கார அளவை ஏற்றிவிடுகிறது; காரம் ஏறினால் குளோரினின் கொல்லும் வீரியம் குறைகிறது. இரண்டு பக்கமும் அடி. சூரியன் சாய்ந்த பின் போடுவதுதான் முறை. இரவு முழுதும் பாசிக்கு வெளிச்சமும் கிடையாது, வக்கீலும் கிடையாது. மறுநாள் வெயில், மிச்சக் குளோரினைத் தானே தீர்த்துவைக்கும். வாசம் அடங்கும் வரை மாட்டையும் பிள்ளைகளையும் அண்டவிடக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கும் கண்டுபிடிப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் அதை ஆயுதமாக வீசினார்கள். தொட்டிக்குள் குனிந்து நின்று செய்யும் வேலை அது ஆகாது.

நான்காம் கட்சி மயில்துத்தவாதிகள். உரக்கடையில் பூஞ்சண மருந்துக்கு வாங்கிய நீலக் கட்டி வீட்டில் மிச்சமிருக்கும்போது இக்கட்சி உருவாகிறது. தாமிரம் பாசியைக் கொல்லும் என்பது 1904 முதலே, அமெரிக்க வேளாண் துறையின் மூர், கெல்லர்மேன் ஆய்வுக்குப் பின், குடிநீர் நிறுவனங்கள் நன்கு அறிந்தது. ஒரு பிபிஎம் கணக்கில் நம் தொட்டிக்குப் பதினோரு கிராம் போதும். உப்புத் தண்ணீரில் தாமிரம் சீக்கிரம் படிந்து செயலிழக்கும். அதைப் பார்த்து இன்னொரு கைப்பிடி போடுவார்கள். தாமிரம் மீனுக்கு நஞ்சு. செம்மறி ஆட்டுக்கு மற்றக் கால்நடைகளைவிடச் சுலபத்தில் நஞ்சாகும். பக்கத்துக் கொல்லையில் கிடை போட்டிருந்தால் இக்கட்சியில் சேராதிருப்பது சமூக நல்லிணக்கத்துக்கு உதவும்.

ஐந்தாம் கட்சி மீன்வாதிகள். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று பெயர் எடுத்துக்கொண்டு எல்லா ஏரியிலும் நிரம்பிவிட்டது. இரண்டைத் தொட்டியில் விட்டால் பாசியைத் தின்னும் என்பது கட்சிக் கொள்கை. தின்பது உண்மை. தின்றதைத் திரும்பத் தண்ணீருக்கே உரமாகக் கொடுப்பதும், இரண்டு இருபதாவதும் உண்மை. இம்முறையில் பாசிப் பிரச்சினை தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மீன் விட்ட நாளிலிருந்து யாரும் பாசியைப் பற்றிப் பேசுவதில்லை; மச்சான் எப்போது வருவார், குழம்பா வறுவலா என்பதே பேச்சு. பிரச்சினையைத் தீர்ப்பதற்கும் தலைப்பை மாற்றுவதற்கும் இடையே ஆட்சியியல் அதிக வேறுபாடு பார்ப்பதில்லை.

ஆறாம் கட்சி நிழல்வாதிகள். தொட்டிமேல் தென்னங்கீற்றோ பச்சை வலையோ போட்டு வெளிச்சத்தை மறைப்பவர்கள். இவர்களின் கொள்கையே எல்லாவற்றிலும் தூய்மையானது. 1970-களில் குஜராத்தின் கலோலிலிருந்து வந்த சின்டெக்ஸ் தொட்டி கறுப்பாக இருந்ததற்கு இதுவே பயன்: உள்ளே வெளிச்சம் இல்லையென்றால் பாசி இல்லை. பம்புசெட்டுத் தொட்டியில் இது தோற்பதற்கு அறிவியல் காரணம் எதுவுமில்லை. மேலே மூடினால் உள்ளே குதிக்க முடியாது. கீற்று மாலைக்குள் வரப்பில் கிடக்கும். யார் எடுத்தது என்று கேட்டால் காற்று என்பார்கள்.

7. ரியோ வழக்கு

உள்ளூர் முறைகளை ஏளனமாகப் பார்ப்பவர்கள் 2016 ஆகஸ்டை நினைத்துப்பார்க்க வேண்டும். ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஒரே இரவில் பச்சையானது; அடுத்திருந்த குளமும் அதைப் பின்பற்றியது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கப் பல விளக்கங்கள் வெளிவந்தன. கடைசியில் தெரிந்தது இது: யாரோ குளத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார்கள், அது குளோரினின் வேலையைக் கெடுத்துவிட்டது, குளோரின் இல்லாத இடத்தில் பாசி வேலையைத் தொடங்கியது. ஒத்திசை நீச்சலுக்கான குளத்தைத் தெளியவைக்க நேரமில்லாமல் போகவே, லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டு, பயிற்சிக் குளத்துத் தண்ணீரை அதில் நிரப்பினார்கள்.

கட்டையைப் பிடுங்கி விட்டு மறுபடி இறைப்பது என்று இதற்குப் பெரம்பலூரில் பெயர். ஒலிம்பிக் குழுவுக்கு வெங்காயம் இல்லாததால் அந்தத் தண்ணீர் வீணாயிற்று என்பது ஒன்றே வேறுபாடு. நீச்சல் குளக்காரர் தண்ணீரை விட மனமில்லாமல் அதையே வடிகட்டி, மருந்திட்டு, மறுபடி வடிகட்டுகிறார். மருந்தில் செத்த பாசியை வெளியே எடுக்காவிட்டால் அது அடியில் படிந்து அடுத்த தலைமுறைக்கு உணவாகும் என்பதால் அவருக்கு வடிகட்டி நாள் முழுதும் ஓட வேண்டும். கொல்லைக்காரருக்கு வயலே வடிகட்டி. சொட்டுநீர் போட்டவர்களின் கதை வேறு: பாசி டிரிப்பர்த் துளையில் அடைத்துக்கொள்ளும். மணல் வடிகட்டியும் சல்லடை வடிகட்டியும் வைத்து அவற்றைப் பின்னோட்டமாகக் கழுவிக்கொண்டிருக்கும் அந்த உழவர், குளமில்லாமலேயே நீச்சல் குளக்காரர் ஆகிவிட்டார்.

8. எதிர்த்தரப்பு முறையீடு

தீர்ப்புக்கு முன் பாசி தரப்பையும் கேட்க வேண்டும். நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது என்பதை 1939-ல் பி. கே. டே எழுதியதிலிருந்து, வேளாண் துறையினர் அதை வளர்த்து, காயவைத்து, உயிர் உரமாக ஏக்கருக்குக் கிலோ கணக்கில் தூவச் சொல்கிறார்கள். சுருள்பாசியை மாத்திரையாக்கி மருந்துக்கடையில் வைக்கிறார்கள். தொட்டியில் பாசியைத் திட்டும் குடும்பமே அதைத் தண்ணீரோடு விழுங்குகிறது. போதாததற்கு, காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியதே இந்த நீலப்பச்சைக் குலத்தின் உழைப்பால்தான், ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன். சுரண்டிவிட்டு மூச்சு வாங்க உட்காருகிறவர் வாங்கும் மூச்சிலும் அதற்குப் பங்கு உண்டு.

அப்படியானால் பாசி குப்பை என்பது எந்த அளவுகோலில்? வயலில் தூவினால் உரம், பொட்டலத்தில் அடைத்தால் சத்து, பாறையில் கிடந்தால் தொல்லுயிர், தொட்டியில் இருந்தால் மட்டும் அழுக்கு. இவை அனைத்தும் இருப்பிடம் பற்றிய கேள்விகள். தேய்த்தெடுத்த பாசி எங்கும் போய்விடுவதுமில்லை. வாய்க்கால் வழியாகப் பாத்தியில் ஏறி, மட்கி, வெங்காயத்தில் சேர்கிறது. நீக்கம் என்று நாம் சொல்வது வருவாய்த்துறையின் சொல்லில் இடமாற்றம்.

9. தீர்ப்பு

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை ஒருவர் வெளிப்படையாகவும், இடைவிடாமலும், உரிமையாளரின் அனுமதியில்லாமலும் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்து வந்தால், எதிரிடை அனுபவ பாத்தியம் கோரலாம். அரசு நிலமானால் முப்பது ஆண்டுகள். தொட்டிப் பாசிக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறோம். வெளிப்படை: வரப்பிலிருந்தே தெரிகிறது. அனுமதியின்மை: அப்பாயியின் வாய்மொழி போதும். இடைவிடாமை என்ற மூன்றாவது நிபந்தனையில்தான் பாசி தரப்பு ஒவ்வொரு முறையும் தோற்கிறது.

பொங்கலுக்கு முன்னால் ஊரே தொட்டியைத் தேய்ப்பதன் உட்பொருள் இங்கே விளங்கும். தை பிறந்து இரண்டு வாரத்தில் பாசி திரும்ப வரும் என்பது தேய்ப்பவருக்கும் தெரியும். பரணர் காலத்திலிருந்தே தெரியும். தெரிந்தே தேய்க்கிறார்கள் என்றால், நோக்கம் ஒழிப்பதாக இருக்க முடியாது. அனுபவத்தை முறிப்பதே நோக்கம். பன்னிரண்டு ஆண்டு ஓடவிடாமல், வருடத்துக்கு ஒரு நாள் உரிமையாளர் தன் உரிமையைத் துடைப்பத்தால் பதிவு செய்துகொள்கிறார்.

இதன் அடிப்படையில் பரிந்துரைகள்:

தொட்டியைப் புதுப்பிக்கும்போது சுவரை வழுவழுப்பாகப் பூச வேண்டும். தினம் ஒரு முறையாவது கட்டையைப் பிடுங்க வேண்டும். மோட்டார் ஓடாத நாளில் தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாது. உரச்சாக்கை வேறிடத்தில் அலச வேண்டும். தேய்த்த பின் சுண்ணாம்பு, வெயில் சாய்ந்த பின் பிளீச்சிங், கையில் நார், காலில் செருப்பு வேண்டாம், வெறுங்காலே பிடிக்கும். கம்பிப் பிரஷை இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாம். தேய்த்த தண்ணீரை வீணாக்காமல் பாத்திக்கு விட்டால் எதிர்த்தரப்புக்கும் நட்டஈடு கொடுத்ததாக ஆகும்.

கடைசியாக, தேய்த்ததற்கு அத்தாட்சி தேவை. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவரைச் சாட்சியாக வரப்பில் நிறுத்திக்கொள்வது நல்லது. அவரைக் கூப்பிட வேண்டிய வேலை இருக்காது. யாராவது வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலே பார்க்க வந்துவிடுவார். வந்தவரிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போடும் முன், சுவரின் வடகிழக்கு மூலையில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டுவார். அதை ஆட்சேபணையாகப் பதிவு செய்யத் தேவையில்லை.